அஞ்சலை அக்காவுக்குப் பிறந்த வீட்டுக் கோடி

அஞ்சலை அக்கா போய்விட்டார். நேற்று விடியற்காலை. நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிற வழியிலேயே...

கள்ளக்குறிச்சியில் எங்கள் ஜவுளிக்கடைக்கு வந்திருந்தால் உங்களுக்கும் அவரைத் தெரிந்திருக்கும். அவர் சேலை செக்‌ஷன், நான் பில் கவுண்டர். மதியச் சாப்பாடு எப்போதும் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான்.

போன வருடம் இதே பக்கத்தில் ஒரு போட்டோ போட்டேனே, ஞாபகம் இருக்கிறதா? "இவர் கல்வராயன் மலையில் பிறந்தவர். சின்ன வயதிலேயே குடும்பத்தைப் பிரிந்துவிட்டார். இவருடைய சொந்தக்காரர்களைத் தெரிந்தால் சொல்லுங்கள்" என்று கேட்டு. நீங்கள் எல்லாரும் ஷேர் செய்தீர்கள். அவரேதான்.

அக்காவுக்குத் தன்னைப் பற்றித் தெரிந்ததே கொஞ்சம்தான். கரும்பு வெட்ட மலையிலிருந்து இறங்கி வந்த அப்பா, தாயில்லாத பிள்ளையை இங்கே ஒரு வீட்டில் விட்டுவிட்டு, திரும்பி வருகிறேன் என்று சொல்லிப் போனவர். வரவே இல்லை.

வீட்டுக்குப் பின்னால் ஒரு பலாமரம். தோளில் தூக்கிக்கொண்டு ஓடையைத் தாண்டிய ஒரு அண்ணன். ஞாபகத்தில் இருந்தது அவ்வளவுதான். ஊர் பேர் தெரியாது, அப்பா பேர்கூடத் தெரியாது.

இதை வைத்துக்கொண்டு தேடினார் அந்த மகராசி! மலையில் எந்த வீட்டுக்குப் பின்னால்தான் பலாமரம் இல்லை?

மலைக்காரர்கள் யார் கடைக்கு வந்தாலும், சேலையை எடுத்துப் போடுவதற்கு முன்பே விசாரணை ஆரம்பித்துவிடும். "எந்த ஊருங்க? வெள்ளிமலையா, சேராப்பட்டா? அந்தக் காலத்துல கீழ வுட்டுட்டு வந்த பொண்ணு யாருனா உண்டா உங்க பக்கம்?"

முதலாளி கத்துவார். "யம்மா, நீ யாவாரம் பண்றியா, சொந்தக்காரனைத் தேடிகினு இருக்கியா?"

"ரெண்டும்தான் மொதலாளி" என்பார், சேலையை உதறிக்கொண்டே.

ஒரு நாள் சாப்பிடும்போது கேட்டேன். மகன் இருக்கிறான், மருமகள் இருக்கிறாள், பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். இனிமேல் எதற்கு அக்கா இந்தத் தேடல்?

"நான் செத்தா பொறந்த வூட்டுக் கோடி யாருடி எடுத்தாருவா?"

எங்கள் பக்கத்தில் கல்யாணமான பெண் இறந்தால், பிறந்த வீட்டிலிருந்து புதுச்சேலை கொண்டு வர வேண்டும். அதுதான் கோடி. அதைப் போர்த்தித்தான் எடுப்பார்கள்.

அந்தச் சேலை வாங்க வருகிறவர்களைக் கடையில் அக்காதான் கவனிப்பார். யாராவது பெரிய பூப்போட்ட பாலியஸ்டரைக் கையில் எடுத்தால் போச்சு. "செத்துப்பூட்டாளேன்னு இளக்காரமா? கூடப் பொறந்தவளுக்கு ஒரு நூல் சேலை எடுக்க மாட்டியா நீ?" சண்டைக்கே போய்விடுவார். சில பேர் அங்கேயே அழுதிருக்கிறார்கள். சில பேர் கோபித்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போயிருக்கிறார்கள்.

"ஊர்ல எல்லாத்துக்கும் நானே கோடி எடுத்துக் குடுத்துகினு இருக்கேன் சுமதி, எனக்கு?" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அதற்குப் பிறகுதான் அந்தப் போட்டோவைப் போட்டேன். கொஞ்ச நாளில் மலையிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். அவளுடைய அப்பாவுக்கு ஒரு தங்கை உண்டாம், கீழே விட்டுவிட்டு வந்ததாம்...

லீவு போட்டுவிட்டு இரண்டு பேரும் பஸ் ஏறினோம். கச்சிராயபாளையம் தாண்டியதும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். மலை ஏறி முடிகிற வரைக்கும் விடவில்லை.

வீட்டுக்குப் பின்னால் பலாமரம் இருந்தது! அந்தப் பெண்ணின் அப்பா, பொன்னுசாமி அண்ணன், வாசலிலேயே நின்றிருந்தார். அக்காவின் முகத்தையே ரொம்ப நேரம் பார்த்தார்.

"தங்கச்சிக்கு எடது காலுல கஞ்சி கொட்டி வெந்த தழும்பு உண்டும்மா. பாதம் முச்சூடும்..."

அக்கா சேலையை லேசாகத் தூக்கிக் காலைக் காட்டினார். ஒன்றும் இல்லை.

ஒரு தழும்பு இருந்திருந்தால் கடவுளுக்கு என்ன குறைந்து போயிருக்கும்? இப்போது நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

"வந்தது வந்துட்ட, ஒரு வாய் சாப்ட்டுட்டுப் போம்மா" என்றார் அவர். சாமைச் சோறு, மொச்சைக் குழம்பு. இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து தலை நிமிராமல் சாப்பிட்டார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் அழுதார். "அவராவே இருந்திருக்கக் கூடாதாடி?"

அதற்கப்புறம் அக்கா யாரையும் விசாரிக்கவில்லை. மலைக்காரர்கள் வந்தால் பேசாமல் சேலையைக் காட்டினார். முதலாளிகூட ஒரு நாள், "இன்னா அஞ்சலை, ஊர் பேர் கேக்கலையா?" என்று கேட்டுப் பார்த்தார்.

நேற்று மதியம், எடுக்கிற நேரம். "பொறந்த வூட்டுக்காரங்க யாருனா வரணுமாப்பா?" என்று தெருப் பெரியவர் ஒருவர் கேட்டார்.

"அம்மாவுக்கு யாரும் இல்லீங்க" என்றான் அக்காவின் மகன். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

"அப்ப ஆவட்டும், குளிப்பாட்டுங்க."

தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போதுதான் அவர் வந்தார். தோளில் மாலை, கையில் மஞ்சள் பை. பொன்னுசாமி அண்ணன். என் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைப் பார்த்து மகள் சொன்னாளாம்.

"நீங்க யாருங்க?" என்றார் பெரியவர்.

"அஞ்சலைக்கு அண்ணன். கோடி எடுத்தாந்துருக்கேன்."

அவர் அண்ணன் இல்லை என்று எனக்குத் தெரியும். மலைக்குப் போய் வந்த கதையை அக்கா மகனிடமும் சொல்லியிருக்கிறார், அவனுக்கும் தெரியும். அவன் எழுந்து போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"வாங்க மாமா" என்றான்.

பையைப் பிரித்தோம். பாலியஸ்டர். பெரிய பெரிய ரோஸ் கலர் பூ...

அதைத்தான் போர்த்தினோம் அக்கா. திட்டாதீங்க. உங்க அண்ணன் எடுத்தாந்தது. போர்த்திகினு போங்க.