கல்யாண் வரை ஒரு வாசனை

பேத்தி புது ஸ்டீல் பிளாஸ்க் ஒன்று வாங்கி வந்தாள். "கீழ போட்டாலும் ஒடையாது தாத்தா, ஒரு சொட்டு லீக் ஆகாது, பக்கா" என்றவள், நிரூபிப்பதற்காக அதைத் தரையில் வேறு போட்டுக் காட்டினாள். நான் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு பாய்ந்தேன். பிளாஸ்க் விழுந்தால் அறுபது வருஷமாக எனக்கு அப்படித்தான். காரணம் சீது.

சீது என்கிற சீதாபதி, பம்பாய் மாட்டுங்காவில் என் அறை நண்பன். ஆள் கொஞ்சம் பூசினாற்போல் இருப்பான். 'கொஞ்சம்' என்பது நட்புக்காகச் சொல்வது. நானும் அவனும் பக்கத்து அறை வெங்கிட்டுவும் ஒரே ஆபீஸில் குமாஸ்தாக்கள். ஞாயிற்றுக்கிழமையானால் எங்காவது நடப்போம். ஒரே நாளில், இருபத்தைந்து மைல் தள்ளியிருக்கும் கல்யாண் ஊர் வரை நடப்பதென்று வெங்கிட்டுதான் கிளப்பிவிட்டான். இரண்டு தடவை கிளம்பினோம். இரண்டு தடவையும் சீது பாதி வழியில், முலுண்டில், "என்னால ஆகாதுடா" என்று ரயிலேறிவிட்டான். ஆபீஸில் 'முலுண்ட் மாமா' என்று பெயரே வைத்துவிட்டார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான். ஒருநாள் என்னிடம் மட்டும், "ஒரே ஒரு தடவை முடிச்சுட்டா போறும்டா" என்றான். அடுத்த மாதம் அவனுக்கு நாக்பூருக்கு மாற்றல்; அதற்குள் நடந்தாக வேண்டும்.

மூன்றாவது தடவை நான் ஒரு தந்திரம் செய்தேன். சீதுவுக்குக் காபி என்றால் உயிர். மெஸ் மாமாவைக் காக்காய் பிடித்து, கெட்டி டிகாக்‌ஷனை என் கண்ணாடி பிளாஸ்க்கில் வாங்கிக்கொண்டேன். கல்யாண் போய்ப் பால் வாங்கிக் கலப்பது. அதுவரை மூடியைத் திறப்பதில்லை என்று ஏற்பாடு.

பாண்டுப் தாண்டியதும் கல் தடுக்கி விழுந்தேன். முதுகில் தொங்கிய பைக்குள் கலீரென்றது. முன்னால் போன வெங்கிட்டு திரும்பி, "என்னடா ஆச்சு?" என்றான்.

"ஒண்ணுமில்லை, சலோ."

பிளாஸ்க் போச்சு என்று சொன்னால், அடுத்து வருகிற முலுண்டில் சீது உட்கார்ந்துவிடுவானே! அப்புறம் வழியெல்லாம் நான் புளுகிய புளுகு கொஞ்சமா? "இன்னும் சூடா இருக்கும்டா, ஆவி பறக்கும்." முதுகு நனைந்தது, வியர்வை என்று நினைத்துக்கொண்டேன். சீது எனக்குப் பின்னாலேயே வந்தான். முலுண்ட் வந்தது. ஸ்டேஷன் பக்கம் ஒரு பார்வை பார்த்தான். நடந்தான்.

சாயங்காலம் கல்யாண் ஸ்டேஷன் வாசலில் மூவரும் கட்டிக்கொண்டோம். சீது அழுதான், நானும்தான். வெங்கிட்டு பால் வாங்க ஓடினான். இனி மறைத்துப் பயனில்லை.

"சீது, பிளாஸ்க் ஒடைஞ்சுடுத்துடா. பாண்டுப்லயே."

"தெரியும்." என் சட்டையின் முதுகுப்பக்கத்தை இழுத்துக் காட்டினான். வெள்ளைச் சட்டையில் இடுப்பு வரை காபிக்கறை. "பின்னாடி வரவனுக்குத் தெரியாதா? வழியெல்லாம் ஒழுகித்து. அந்த வாசனையப் பிடிச்சுண்டேதான் வந்தேன்."

"ஏண்டா சொல்லலை?"

"நீ அவ்ளோ கஷ்டப்பட்டுப் பொய் சொல்லிண்டு வரே. நடுவுல விட்டுட்டு ரயிலேறினா நன்னாவா இருக்கும்?"

வெங்கிட்டு கொண்டுவந்த பாலைச் சர்க்கரை போட்டு அப்படியே குடித்தோம். சீது ஒவ்வொரு வாய்க்கும் என் சட்டையை முகர்ந்துகொண்டான். "காபியேதான்டா" என்றான்.

அந்த ரோட்டில் இப்போது நடக்க இடமில்லை. மெஸ் இருந்த இடத்தில் செல்போன் கடை. வெங்கிட்டு, எப்போதும்போல, முன்னால் போய்விட்டான். சீது போய் ஒரு வருஷம் ஆகிறது.

பேத்தியின் பிளாஸ்க்கில் டிகாக்‌ஷன் ஊற்றி மூடி, மூக்கருகே வைத்துப் பார்த்தேன். துளி வாசனை வரவில்லை. "நல்ல பிளாஸ்க்தாம்மா" என்றேன். அவள் அந்தண்டை போனதும் மூடியைக் கழற்றி வைத்துவிட்டேன்.