கசடு வைக்காத மருந்து

பதினோரு வருடமாக எங்கள் வீட்டில் வடை சுடுவது மாதத்தில் ஒரே ஒரு நாள்தான். அதிலும் என் கணவருக்கு இரண்டுக்கு மேல் கிடையாது. காரணம், என் மாமனார் முப்பத்தாறு வயதில் மாரடைப்பில் போனவர். கல்யாணத்துக்கு முன் நாங்கள் இருவரும் தனியாகப் பேசிய முதல் நாளே என் கணவர் சொன்ன தகவல் அது. அன்றிலிருந்து அந்த மாரடைப்பைக் கட்டிக்கொண்டு அழுவது நான்தான். வருடா வருடம் அவரை ரத்தப் பரிசோதனைக்கு இழுத்துக்கொண்டு போவேன். சமையலில் எண்ணெயை அளந்துதான் ஊற்றுவேன். போன வருடம் அவருக்கு முப்பத்தாறு முடிந்து முப்பத்தேழு பிறந்த அன்று நான் குளியலறையில் உட்கார்ந்து அழுதேன். அவர் தப்பித்துவிட்டார் என்ற நிம்மதி.

இந்த வருடம் ஒரு சனிக்கிழமை காலை, கடல் கடந்து நாங்கள் குடியேறிய பக்குரங்காவில், எங்கள் வீட்டுப் பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். மதுரையிலிருந்து மாமியார் விசிட்டர் விசாவில் வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. கராஜின் சின்ன ஜன்னல் வழியாகக் கணவரின் குரல் கேட்டது. போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார். மறுமுனையில் அவருடைய யாழ்ப்பாண நண்பர். மனுரேவாவில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்ப்பவர். நான் ஒட்டுக்கேட்கும் ஆள் இல்லை. ஆனால் மருந்து என்ற சொல் காதில் விழுந்த பிறகு கால் நகரவில்லை.

"இப்ப போடுற மருந்து கட்டுப்படியாகலைங்க. டப்பா சீக்கிரம் காலியாகுது. வேற மாத்தணும்" என்றார் என் கணவர்.

"ஓம், அது விலைதான். மலிவா ஒண்டு இருக்கு, ஆனா கசடு வைக்கும்."

"அய்யோ, குழாய்ல கசடு படிஞ்சா அப்புறம் சுத்தம் பண்ணுறது பெரிய பாடு."

"அப்ப மற்றதைப் பாருங்கோ. அது கொஞ்சம் மெதுவா எரியும். லேசானதுக்கும் பாரமானதுக்கும் உது ஒண்டே காணும். ரெண்டு மருந்து வாங்கத் தேவையில்லை."

"சரி, அதையே பாக்குறேன். ஆனா அம்மா ஊருக்குப் போற வரைக்கும் வீட்டுல யாருக்கும் தெரிய வேண்டாம்."

கையில் இருந்த ஈரத்துணி கீழே விழுந்தது. குழாயில் கசடு. இதயக் குழாய் அல்லாமல் வேறு எந்தக் குழாய்? மெதுவாக எரியும் என்றால் நெஞ்செரிச்சல். எல்லாம் கணக்காகப் பொருந்தியது. பயத்தோடு கோபமும் வந்தது. உயிர் காக்கும் மருந்தில் போயா மலிவு பார்ப்பது? நான் எண்ணெயை அளந்து ஊற்றிக்கொண்டிருக்க, இந்த மனிதர் நோயை ஒளித்து வைத்துக்கொண்டு மருந்துக்கடைக்காரரோடு பேரம் பேசிக்கொண்டிருக்கிறார்.

நேராகச் சமையலறைக்குப் போனேன். மாமியார் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். யாருக்கும் தெரிய வேண்டாம் என்று கணவர் சொன்னதெல்லாம் எனக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை.

"அத்தை, மாமாவுக்கு வந்தது இவருக்கும் வந்துருச்சுங்க. நம்மகிட்ட மறைக்கிறாரு."

"அவுகளுக்கு என்ன வந்துச்சு?"

"ஹார்ட் அட்டாக்தானுங்க."

மாமியார் கத்தியைக் கீழே வைத்தார். என் முகத்தைப் பார்த்தார். பைத்தியம் பிடித்தவளைப் பார்ப்பது போல இருந்தது அந்தப் பார்வை.

"யாரு சொன்னா ஒனக்கு? அவுக மருந்து வெடிச்சுல்ல செத்தாக."

எனக்கு முதலில் புரியவேயில்லை. நான் கோயம்புத்தூர்க்காரி. எங்கள் ஊரில் மருந்து என்றால் குடிப்பது, விழுங்குவது, தடவுவது. வெடிப்பது இல்லை. மாமியார்தான் விளக்கினார். மதுரைக்கு வருவதற்கு முன் அவர்கள் சிவகாசிப் பக்கம் இருந்தார்களாம். மாமனாரும் மாமியாரும் பட்டாசு ஆபீஸில் வேலை பார்த்தவர்கள். அங்கே தொழிற்சாலைக்குப் பெயரே ஆபீஸ்தான். அம்மா ஆபீஸில் வேலை பார்த்தார் என்று கணவர் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். நான் மேஜையும் ஃபைலும் மின்விசிறியுமாகக் கற்பனை செய்து வைத்திருந்தேன். மாமியார் அங்கே காகிதக் குழலில் வெடிமருந்து அடைத்துக்கொண்டிருந்திருக்கிறார். மாமனார் மருந்து கலக்கும் அறையில் இருந்திருக்கிறார்.

பதினோரு வருடம் நான் காவல் காத்த மாரடைப்பு நடக்கவேயில்லை.

மாமியார் அதற்குள் வேறொன்றை யோசித்துக்கொண்டிருந்தார். "தாயி, அவன் போன்ல என்ன சொன்னான்? அப்படியே சொல்லு."

டப்பா காலியாவதைச் சொன்னேன். கசடு, குழாய், மெதுவாக எரிவது எல்லாவற்றையும் சொன்னேன். எரிவது என்றதும் அவர் எழுந்துவிட்டார்.

"இந்த ஊர்ல பட்டாசு ஆபீஸ் இருக்கா?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தபோதுதான் எனக்குத் துப்பாக்கி ஞாபகம் வந்தது.

துப்பாக்கி ஒன்றும் எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. மூன்று வருடத்துக்கு முன், ஆல்பனியில் கணவர் வேலை பார்க்கும் அலுவலகத்து நண்பர்கள் அவரை ஒரு கிளப்புக்குக் கூட்டிப் போனார்கள். அந்த யாழ்ப்பாண நண்பரும் அங்கேதான் பழக்கமானார். களிமண் தட்டுகளை வானத்தில் பறக்கவிட்டுச் சுடும் விளையாட்டு. போலீஸார் வீட்டுக்கே வந்து என்னையும் தனியாக விசாரித்த பிறகுதான் உரிமம் கொடுத்தார்கள். நல்ல மனிதர், நிதானமானவர் என்று நான்தான் சொன்னேன். துப்பாக்கி இரும்புப் பெட்டியில் பூட்டிக் கிடக்கும். மாமியார் பயப்படுவார் என்று அவரிடம் மட்டும் சொல்லவில்லை. தோட்டாக்களைக் கணவர் கடையில் வாங்குகிறார் என்றே நான் நினைத்திருந்தேன்; கராஜுக்குள் நான் எட்டிப் பார்ப்பதே இல்லை.

மாமியார் செருப்புப் போடாமல் நடந்தார். கராஜுக்குப் போகும் உள்கதவைத் திறந்து வாசலிலேயே நின்றார். நான் அவர் தோளுக்குப் பின்னால் நின்றேன்.

மேஜையில் கைப்பிடி வைத்த ஒரு சின்ன எந்திரம், தராசு, சுட்டு முடித்த பிளாஸ்டிக் தோட்டாக் கூடுகள், மூன்று டப்பாக்கள். என் கணவர் கண்ணாடி மாட்டிக்கொண்டு, ஒரு குட்டிக் கரண்டியில் சாம்பல் நிறத் துகளை அளந்துகொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"அது மருந்தாடா?" என்றார் மாமியார்.

"பட்டாசு மருந்து இல்லம்மா. இது வேற. துப்பாக்கித் தோட்டாவுக்குப் போடுறது. இங்க நிறையப் பேரு வீட்டுலயே செய்வாங்க."

"துப்பாக்கியா."

கணவர் படபடவென்று பேச ஆரம்பித்தார். இந்த டப்பா மலிவு, ஆனால் துப்பாக்கிக் குழாயெல்லாம் கரி. அந்த டப்பா சுத்தமாக எரியும், ஆனால் விலை அதிகம். மூன்றாவதைத் தட்டு சுடும் லேசான தோட்டாவுக்கும் போடலாம், வாத்து வேட்டை சீசனில் கனமான தோட்டாவுக்கும் போடலாம். மருந்து ஏற்றிய அடுத்த கப்பல் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, அதனால் ஒன்றே எல்லாவற்றுக்கும் ஆவதுதான் புத்திசாலித்தனம். எந்தக் குக்கர் வாங்கலாம் என்று மாலில் நின்று பேசுகிறவரைப் போல அவர் பேசிக்கொண்டே போனார். எனக்கு அவரை உலுக்க வேண்டும் போலிருந்தது.

"நாங்க கூலிக்குச் செஞ்சோம்" என்றார் மாமியார். "நீ காசு குடுத்துச் செய்யுற."

அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை.

"பதினோரு வருஷமா உங்களுக்கு ஹார்ட் அட்டாக் வருமுன்னு செத்துச் செத்துப் பொழைச்சிருக்கேனுங்க. எதுக்கு அப்படி ஒரு பொய்?"

"மாரடைப்புன்னு சொன்னா யாரும் அதுக்கு மேல கேக்க மாட்டாங்க."

"கேட்டாத்தான் என்ன?"

அவர் அம்மா பக்கம் திரும்பினார். "ம்மா, நீ பயப்படாத. ஒரு தடவைக்கு ரெண்டு தடவை நிறுத்துத்தான் போடுறேன். புஸ்தகத்துல இருக்கிற அளவைத் தாண்டவே மாட்டேன். பக்கத்துல நெருப்பு கிடையாது. நான் அப்பா மாதிரி கவனமில்லாம இருக்க மாட்டேன்."

மாமியாரின் கை கதவு நிலையைப் பிடித்தது. நான் அவரைத் தாங்கிக்கொண்டேன்.

"என்ன சொன்ன? ஒங்கப்பா கவனமில்லாம இருந்தாகளா?"

"எல்லாரும் அப்படித்தானம்மா சொன்னாங்க."

"எல்லாரும்னா யாரு?"

"எழவு வீட்டுல. பந்தலுக்கு வெளிய நின்னு பேசிக்கிட்டாங்க. கதவைச் சாத்திக்கிட்டு வேலை பாத்தாராம், அவசரப்பட்டுக் கலக்கிட்டாராம். தன் தப்பால தானும் போயி, கூட இருந்தவனையும் கொண்டுபோயிட்டான்னு சொன்னாங்க." ஒன்பது வயதில் கேட்டதை ஒரு சொல் பிசகாமல் சொன்னார். "உன்கிட்ட எப்படிம்மா கேப்பேன்?"

மாமியார் கணக்கு ஒப்பிப்பவர் போல, குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"ஒங்கப்பா உள்ள போகயில, உரசுனாப் பொறி பறக்கும்னு இடுப்புல கெடக்குற வெள்ளிக் கொடியக்கூடக் கழட்டி என்கிட்டக் குடுத்துட்டுத்தான் போவாக. செருப்புப் போட மாட்டாக. சாக்க நனைச்சு விரிச்சு அது மேலதான் உக்காருவாக. கொஞ்சங் கொஞ்சமாத்தான் கலப்பாக, மத்தவுக கேலி பண்ணுவாங்க. அன்னைக்கும் அப்படித்தான். அந்த ரூமுக்கு நாலு கதவு. நாலும் திறந்துதான் இருந்துச்சு. நான் எதுத்த ரூம்ல இருந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

மாமியார் அதைப் பார்த்திருக்கிறார் என்பது என் கணவருக்கும் தெரியாது என்று அவர் முகமே சொன்னது. கையிலிருந்த குட்டிக் கரண்டியைத் தராசுத் தட்டிலேயே வைத்துவிட்டார். இத்தனை வருடமும் அவர் ஒளித்து வைத்தது அப்பாவின் சாவை இல்லை, அப்பாவின் தப்பை. நிறுத்து, மறுபடி நிறுத்து, அளவு தாண்டாமல் அவர் போட்ட ஒவ்வொரு தோட்டாவும் அந்தத் தப்பைத் தானும் செய்துவிடக் கூடாது என்பதற்காகத்தான்.

"அப்ப அப்பா மேல தப்பே இல்லையாம்மா?"

"இல்லய்யா. எல்லாம் சரியாத்தான் செஞ்சாக."

எல்லாம் சரியாகச் செய்தவருக்கும் அது வெடித்திருக்கிறது. என் கணவர் தராசைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார், மூன்று டப்பாக்களையும் பார்த்தார். உதடு கோணிக்கொண்டு போயிற்று. அவர் அழுது நான் அதுவரை பார்த்ததில்லை. மாமியார் வாசலைத் தாண்டி ஓர் அடிகூட உள்ளே வைக்கவில்லை. நின்ற இடத்திலிருந்தே கையை நீட்டினார்.

"வெளிய வாய்யா" என்றார்.