உப்புப் போட்ட குப்பைக் குழி

நடந்தவை இவை:

1. மாசியில், கரையோர வீட்டுத்திட்டத்தின் பின்பக்கத்தில், குப்பையை மக்கவைத்து உரமாக்கப் பசளைக் குழி வெட்டினோம்.
2. பங்குனியில் வீட்டுக்கு இரண்டு வாளி கொடுத்தேன். ஒன்று மீன் கழிவுக்கும் மரக்கறித் தோலுக்கும். மற்றது போத்தலுக்கும் தகரத்துக்கும்.
3. சித்திரையில் போத்தல் வியாபாரி வண்டிலோடு வந்து முதல் ஏற்றத்தைக் கொண்டுபோனார்.
4. வைகாசியில் இரண்டு நாள் மழை பெய்தது. குழி மணக்கவில்லை, ஈயும் இல்லை. நான் சந்தோஷப்பட்டேன். சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.
5. ஆனி முதற் கிழமை கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரித்தது.

அப்போது நான் விவசாய டிப்ளோமா முடித்து ஊருக்கு வந்திருந்தேன். எங்கள் வீடு அதே தீவில், நாரந்தனையில். வீட்டுத்திட்டம் சைக்கிளில் கால் மணித்தூரம். கடற்றொழில் செய்யும் கத்தோலிக்கக் குடும்பங்களுக்குக் கட்டிக் கொடுத்த, சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். வீட்டைச் சுற்றி ஒருவருக்கும் வளவு கிடையாது. குப்பையைக் கரையில் கொட்டுவார்கள்; மாரிக் கடல் அதை வாசலுக்கே திருப்பிக் கொண்டுவரும். பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் ஓயாது. அதை நிறுத்தத்தான் ஒரு தொண்டு நிறுவனம் என்னை அங்கே அனுப்பியது.

அவர்களுக்கு இருந்தது ஒரேயொரு நல்ல தண்ணீர்க் கிணறு. அது கெட்டால் பெண்கள் குடத்தோடு எங்கள் பக்கம் வரவேண்டும். எங்கள் பக்கத்தில் அவர்களைக் கிணற்றுக் கயிற்றைத் தொட விடமாட்டார்கள். யாராவது வந்து அள்ளி ஊற்றும்வரை தள்ளி நிற்க வேண்டும். எங்கள் வீட்டுக் கிணற்றிலும் அதுதான் வழக்கம்.

"தேத்தண்ணி சீனி போட்டும் கரிக்குது, பிள்ளை," என்று சொன்னவர் முதல் வீட்டு அக்கா. குழியைக் கவனிக்கும் பொறுப்பை அவரிடம்தான் கொடுத்திருந்தேன்.

அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தேன். உண்மைதான். கோடையில் தீவுக் கிணறுகள் கொஞ்சம் கரிக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, மண்வெட்டியோடு குழிக்குப் போனேன். இவ்வளவு நாளில் அடிக் குப்பை கறுத்துப் பொடிந்திருக்க வேண்டும். மீன் தலைகள் கண்ணோடு அப்படியே கிடந்தன. குடல்கள் விறைத்திருந்தன. இடையிடையே வெள்ளையாக ஒரு படை.

"அக்கா, இது என்ன?"

"உப்பு."

"ஆர் போட்டது?"

"எல்லாரும்தான். பின்னேரத்தில ஆளுக்கொரு சிரட்டை. மணக்கக் கூடாது, ஈ மொய்க்கக் கூடாது எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

அடுத்த வீட்டுப் பெண் சிரித்தார். "மீன் மணக்காமல் வைக்கிறதை எங்களுக்கு ஆர் படிப்பிக்க வேணும்? நல்ல பதம். இன்னும் ரெண்டு கிழமை விட்டால் கறி வைக்கலாம்."

"இது பழுதாக வேணும், அக்கா. பழுதானால்தான் பசளை."

"அதைச் சொல்லேல்லையே, பிள்ளை. பழுதாக விடாமல் வைக்கிறதுதானே எங்கட வேலை."

என் குறிப்புப் புத்தகத்தைத் திறந்தேன். சேர்க்கக் கூடாதவை: கண்ணாடி, தகரம், பொலித்தீன். உப்பு அந்தப் பட்டியலில் இல்லை. கிணற்றிலிருந்து ஐம்பதடி தள்ளி வெட்டியிருந்தேன். அது நான் படித்த இடத்துச் செம்மண்ணுக்கான கணக்கு. இங்கே ஒரு முழத்தில் சுண்ணாம்புக் கல். தண்ணீர் இறங்கும் வெடிப்பு எங்கே ஓடுகிறது என்று மேலே நின்று பார்த்தால் தெரியாது.

அன்றைக்கே குழியைக் கிண்டி ஓலைக் கடகம் கடகமாகக் கடலில் கொட்டினோம். "கடலுக்கே உப்புக் குடுக்கிறம்," என்றார் அடுத்த வீட்டுப் பெண். அவரைத் தவிர ஒருவரும் சிரிக்கவில்லை.

பிறகு ஒவ்வொரு காலையும் அந்தக் கிணற்றில் ஒரு வாய் குடித்து, புத்தகத்தில் ஒரு வரி எழுதினேன். கரிப்பு. கரிப்பு. கூடுதல். சைக்கிளை மிதிக்கும்போதே வாயில் உப்பு இருப்பதுபோல இருக்கும். ஆடி பிறந்தபோது குழந்தைகள் குடித்துச் சத்தி எடுத்தார்கள்.

வீட்டில் ஐயாவிடம், என் அப்பாவிடம், கேட்டேன். "என்ர பிழையால வந்தது. அந்தப் பொம்பிளையள் எங்கட கிணத்தில தாங்களே அள்ளட்டும்."

"ஊர் என்ன சொல்லும் எண்டு யோசிச்சனியே?"

"அப்ப நான் அள்ளி ஊத்துறன்."

"அது உன்ர விருப்பம்."

விடிந்ததும் வேலிக்கு வெளியே குடங்கள் வரிசையாக இருக்கும். மூன்றாம் நாள் என் உள்ளங்கை கொப்பளித்தது. முதல் வீட்டு அக்கா அதைப் பார்த்துவிட்டார்.

"கயித்தைத் தாங்கோ, பிள்ளை. நான் அள்ளுறன்."

ஐயா மாட்டுக் கொட்டிலடியில் நின்றார்.

"ஏலாது, அக்கா," என்றேன்.

அக்கா குடத்தைக் கொஞ்சம் முன்னே நகர்த்தி வைத்துவிட்டு, ஒழுங்கைத் தெருப் பக்கம் திரும்பி நின்றார்.

கார்த்திகை மழைக்குப் பிறகு அவர்கள் கிணற்றில் நல்ல தண்ணீர் ஊறியது. கரிப்பு என் குழியால் வந்ததா, கோடையால் வந்ததா என்று எனக்கு இன்றும் தெரியாது. போத்தலையும் தகரத்தையும் தொடர்ந்து பிரித்துக் கொடுத்தார்கள். மீன் கழிவு மறுபடியும் கரைக்கே போனது. இன்னொரு குழி வெட்டச் சொல்லி அவர்கள் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. எங்கள் கிணற்றின் வழக்கம் மாறவில்லை.