அக்காவை வாசலில் நிறுத்தினது

பட்டுப்புழு வளர்ப்பில் கடைசி வாரம்தான் பாடு. நூல் மாதிரி கிடந்த புழு விரல் தண்டிக்கு வந்துவிடும். இலை வெட்டிப் போட்டு மாளாது. அதனால் நானும் அக்காவும் ஒருத்தர் கொட்டகைக்கு ஒருத்தர் போய் இலை போடுவோம். அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. என் வீட்டுக்காரருக்கு அண்ணன் பொண்டாட்டி. ரெண்டு கொட்டகைக்கும் நடுவில் ஒரு முள்வேலிதான்.

அந்தத் தடவை அவள் கொட்டகையில்தான் முதலில் நோய் வந்தது. புழு இலை தின்னாமல் படுக்கை ஓரத்தில் ஊர்ந்துகொண்டே இருந்தது. உடம்பு மஞ்சளாக உப்பி, தொட்டால் பால் மாதிரி வடிந்தது. பால் நோய் என்போம். அக்கா அதைப் பொறுக்கிக் கோழிக்குப் போட்டாள். நாங்கள் எல்லாருமே அப்படித்தான், வீணாகப் போகக் கூடாதென்று. கோழிக்கு ஏது வேலி. என் வாசலில் வந்து கிண்டியது.

பட்டு ஆபீஸ்காரருக்குப் போன் போட்டேன்.

"இது வைரஸும்மா. வந்த புழுவுக்கு மருந்து கிடையாது. அந்தப் பால் கையில, கால்ல, கோழி எச்சத்துல ஒட்டிக்கிட்டுப் போகும். அங்க போயிட்டு வந்த யாரையும் உள்ள விடாதீங்க."

வாசலுக்குக் குறுக்கே சுண்ணாம்பும் ப்ளீச்சிங் பவுடரும் கோடாகக் கொட்டினேன். சாயங்காலம் அக்கா தலையில் இலைக்கட்டோடு வந்தாள்.

"அக்கா, உள்ள வராத."

"ஏண்டி, எனக்கென்ன சீக்கா?"

"உனக்கில்ல. உன் புழுவுக்கு."

"கால கழுவிட்டு வாரேன்."

"வேணாங்க்கா."

கட்டைக் கீழே போட்டாள். "பெரிய கலெக்டர் ஆபீஸு. பாஸ் வாங்கிட்டுத்தான் வரணுமாக்கும்." போய்விட்டாள்.

அந்த இலையை நான் புழுவுக்குப் போடவில்லை. ஆட்டுக்குப் போட்டேன். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அக்கா பார்த்தாள்.

மறுநாள் என் கொட்டகையிலும் அங்கொன்று இங்கொன்று மஞ்சள். உடையுமுன் குச்சியால் எடுத்துச் சுண்ணாம்புத் தண்ணி வாளியில் போட்டேன். கூடு கட்டுமுன் பரவினால் அம்புட்டும் போச்சு. தனியாகவே இலை வெட்டினேன், தனியாகவே போட்டேன்.

அக்காவுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. அவளும் அவள் வீட்டுக்காரரும் குழி வெட்டி எல்லாவற்றையும் கொட்டி மூடினார்கள். அந்த நேரம் பக்கத்தில் போய் நின்றிருக்க வேண்டும். போனால் திரும்ப என் கொட்டகைக்குள் நுழைய முடியாது. போகவில்லை.

அதற்கப்புறம் என் வாசலுக்குக் கோழி வரவில்லை. எட்டிப் பார்த்தேன். கோழி எல்லாவற்றையும் பஞ்சாரக் கூடை போட்டுக் கவிழ்த்து வைத்திருந்தாள்.

என் புழு கூடு கட்டியது. கொஞ்சம் உள்ளேயே செத்து, கூடு கறை பிடித்துப் போனது. மற்றது தேறியது. கூடு எடுக்கிற அன்றைக்கு, புழு கூடு கட்டியிருந்த மூங்கில் தட்டிகளை வாசல் வேப்பமர நிழலில் போட்டேன். அக்கா சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே வந்து நின்றாள்.

"இப்ப தொடலாமா?"

"தொடு. இனிமே ஒண்ணும் ஆகாது."

உட்கார்ந்து ஒரு கூட்டை எடுத்துக் காதோரம் ஆட்டிப் பார்த்தாள். உள்ளே கூட்டுப்புழு கலகலவென்றது.

"நல்லாத்தேன் கட்டியிருக்கு," என்றாள். கறைக் கூட்டைத் தனியாக ஒதுக்கினாள். ரெண்டு தட்டி முடித்தாள். பிறகு கேட்டாள், "அடுத்த தடவைக்குள்ள கோழிய வித்துப்புடவாடி?"

"வித்துரு. ஒண்ணை மட்டும் வை. கொழம்புக்கு ஆகும்."

"ஒனக்குக் கிடையாது," என்றாள்.