பிரிண்டர் பிடித்துவைத்த தாள்

அந்த மருத்துவமனையின் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்குப் பெயர் ‘கறுப்புத் திரை’. படமோ பொத்தானோ இல்லாத கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டியே வேலை பார்ப்பவள். ரத்தப் பரிசோதனை முடிவைப் பிரிண்டருக்கு அனுப்பும் கணினி நிரல், ‘சி’ மொழியில் அவள் எழுதியது. பெற்ற பிள்ளையைப் போல அதை நம்பினாள்.

“மவுஸைத் தொட்டா கை வெந்துடுமா?” என்று டெக்னீஷியன் சீண்டுவார்.

“நீங்க அதைத் தேடி எடுக்கறதுக்குள்ள என் ரிப்போர்ட் வெளிய வந்துடும், போங்க சார்!”

அந்த விடுமுறை மதியம் அது வரவில்லை.

மாடியில் அவள் தங்கை பிரசவ வலியில் துடித்துக்கொண்டிருந்தாள். குழந்தையின் நாடி இறங்கியதால் உடனே ஆபரேஷன். எப்போதோ ஒருவரின் ரத்தப் பரிசோதனை எண்ணைப் போனில் சொல்லி அது மாறிப்போனதிலிருந்து, கூடத்து டாக்டர் கையெழுத்திட்ட அறிக்கைத் தாள் வராமல் அங்கே மயக்க ஊசி போட மாட்டார்கள்.

அனுப்பினாள். பிரிண்டரிலிருந்து தாள் வரவில்லை. கேபிளைப் பிடுங்கிச் செருகினாள்.

“ஆஃப் பண்ணி ஆன் பண்ணும்மா!” என்றார் டெக்னீஷியன்.

செய்தாள். மறுபடி அனுப்பினாள். மறுபடியும் மௌனம். அவள் கை மீண்டும் சுவிட்சுக்குப் போனது.

அம்மா மூச்சிரைக்க ஓடிவந்தாள். “என்னடி பண்ற? அங்க அவ உன்னைத்தான் கேட்டு அழறா!”

“வந்துடும்மா… வந்துடும்…”

அப்போதுதான் பிரிண்டரில், அச்சாகாத தகவல் காத்திருப்பதைக் காட்டும் சிறு விளக்கு சிமிட்டுவதைக் கண்டாள். அப்படியென்றால் அறிக்கை உள்ளேதான் இருக்கிறது! முதலில் அனுப்பியதை, பிரிண்டரை அணைத்தபோது அவளே அல்லவா அழித்திருக்கிறாள்! நிரலில், பக்கத்தை வெளியே தள்ளும் கட்டளையை ஒவ்வொரு அறிக்கையின் முடிவிலும் வைக்காமல் தொடக்கத்தில் வைத்திருந்தாள். கூட்ட நாளில் அடுத்தவர் அறிக்கை வந்து முந்தையதை வெளியே தள்ளிவிடும். இன்று தங்கைக்குப் பின்னால் யாருமே இல்லை.

அந்தக் கட்டளையை மட்டும் தனியே அனுப்பினாள். தாள் சரசரவென்று வந்து விழுந்தது. டாக்டர் கையெழுத்திட, அம்மா அதைப் பறித்துக்கொண்டு ஓடினாள்.

பின்னாலேயே மாடிக்குப் போனவளால் அங்கே நிற்க முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. கீழே வந்து நிரலைத் திறந்தாள். எழுத்துகள் கண்ணீரில் மிதந்தன.

“பொண்ணுடி! ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க!” வாசலில் அம்மா சிரித்தபடியே அழுதாள். “வாடி, பெரியம்மாவைத் தேடுது!”

“இதோம்மா. இந்த ஒரு வரியைக் கடைசிக்குக் கொண்டுபோயிட்டு வந்துடறேன். இன்னும் யாராவது தனியா வருவாங்க.”