கடைவீதியில் அடித்த ஹார்ன்

எங்கள் பள்ளிப் பேருந்தை ஓட்டிய அக்கா ஹார்ன் அடிக்க மாட்டார். எதிரே லாரி வழிமறித்து நின்றாலும் காத்திருப்பார். அதே பேருந்தில் பிள்ளைகளை ஏற்றி இறக்குவது என் வேலை. பல வருடம் பார்த்துவிட்டு ஒருநாள் கேட்டே விட்டேன்.

“நான் அடிச்சா ரோடே திரும்பிப் பாக்குதுடி. பொம்பளைக்கு என்ன அவசரம், அடுப்புல பால் பொங்குதான்னு கேக்குறானுங்க. எதுக்கு வம்பு?” என்றார்.

அவர் கணவர் ஓட்டுநராக இருந்தவர். முதுகு ஒடிந்து படுக்கையில் விழுந்த பிறகு அக்கா வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டார். வீடு அந்தச் சம்பளத்தில்தான் ஓடியது.

இந்த வருடம் கூடைப்பந்தில் எங்கள் ஆண்கள் அணியும் பெண்கள் அணியும் கோப்பையை வென்றன. ஜெயித்த அணியைப் பெரிய கடைவீதி வழியாக அழைத்து வருவது எங்கள் பள்ளியின் வழக்கம். பெண்கள் ஜெயித்தது இதுதான் முதல்முறை. மைதான வாசலில் பையன்களுக்குப் பூ கட்டிய லாரி நின்றது. பெண்கள் எங்கள் பேருந்தில் ஏறினார்கள்.

பள்ளி மேலாளர் ஜன்னலருகே வந்தார். “நீங்க பின் தெரு வழியா போயிடுங்க. வயசுப் பொண்ணுங்க கடைவீதியில கத்திக்கிட்டுப் போனா நல்லாவா இருக்கும்?”

அணித் தலைவியை எல்லோரும் நெட்டை என்பார்கள். அவள் எழுந்தாள். “சார், நாங்களும்தானே ஜெயிச்சோம்?”

“கப்புதான் கையில இருக்கே. வீட்டுல காட்டு.” பிறகு அக்காவிடம் திரும்பினார். “சொன்ன வழியில போகலைன்னா நாளைக்குச் சாவியைக் கொடுத்துட்டுப் போயிடணும்.”

அக்கா கண்ணாடியில் பின்னால் பார்த்தார். முழங்காலில் கட்டுப் போட்ட ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள். வண்டி கிளம்பியது. பின் தெருவுக்கு இடதுபக்கம் திரும்ப வேண்டும். அக்கா வலதுபக்கம் திருப்பினார். நான் எழுந்து அவர் தோளைத் தட்டினேன்.

“அக்கா, வேலை போயிடும்!”

“போகட்டும்டி. வாயைப் பொத்திக்கிட்டு ஓட்டி என்னத்தைக் கண்டேன்?”

கடைவீதி முனையில் ஹார்னில் கை வைத்தவர் எடுக்கவே இல்லை. காது கிழிந்தது. கடைகளிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். “யாருக்கு என்ன ஆச்சு?” என்று டயர் கடைக்காரர் பதறினார்.

“ஜெயிச்சாச்சு!” என்று நெட்டை ஜன்னலுக்கு வெளியே கோப்பையைத் தூக்கிக் காட்டினாள். அழுதவளும் சேர்ந்து கத்தினாள். பின்னால் வந்த லாரியில் பையன்கள் விசிலடித்தார்கள்.

“பொம்பளைக்கு என்ன அவசரம்?” என்று ஒரு குரல் வந்தது.

அக்கா தலையை வெளியே நீட்டினார். “அவசரம் ஒண்ணும் இல்லண்ணே. மெதுவாத்தான் போறோம். நல்லா பாத்துக்கோங்க!” சொன்னபடியே வண்டியை நடை வேகத்துக்குக் குறைத்தார்.

மறுநாள் மேலாளர் கேட்கும் முன்பே அக்கா சாவியை மேசைமேல் வைத்துவிட்டு வந்தார். இப்போது ஒரு காய்கறி மண்டிக்கு லாரி ஓட்டுகிறார். சம்பளம் முன்பைவிடக் குறைவு. கடைவீதி வழியாகத்தான் போகிறார். வழியில் யாராவது நின்றால் ஹார்ன் அடிக்கிறார்.