ஐஸ் லாரி நின்ற காலை

திண்டிவனத்தில் ஒரு ஐஸ் ஃபேக்டரி ஆபீசில் எனக்கு வேலை. எங்கள் விழுப்புரம் கிளையில் இருப்பவர் கடலோர ஊர்களின் ஆர்டரை போனில் வாங்கி, காலையில் ஓர் அட்டவணையாக அனுப்புவார். அதன் தலைப்புகள் ‘லொகேஷன்’, ‘குவான்டிட்டி’ என்று ஆங்கிலத்தில் இருக்கும். லாரி டிரைவருக்கு அது பிடிக்காது. ஆகவே கம்ப்யூட்டரில் அட்டவணைகளைக் கையாளும் குவரி மொழியில், தலைப்புகளின் பெயரை மாற்றும் ‘ரினேம் காலம்ஸ்’ என்ற ஃபங்ஷனை எழுதி வைத்தேன். பழைய பெயரையும் புதுப் பெயரையும் ஜோடியாகக் கொடுத்தால் போதும். ‘ஊர்’, ‘எத்தனை கட்டி’ என்று மாறி, ஊர்வாரியாகக் கூட்டி, காகிதத்தில் வந்துவிடும். ஒரே வரிதான். அந்த ஒரு வரிக்காக ஆபீசில் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

போன மாதம் ஒருநாள் விழுப்புரத்துக் கோப்பு வந்தது, என் காகித அட்டவணை வரவில்லை. ‘லொகேஷன்’ என்ற தலைப்பே இல்லை என்று திரையில் ஒரு மஞ்சள் பெட்டி வந்தது.

வெளியே ஐஸ் ஏற்றிய லாரி சொட்டிக்கொண்டிருந்தது. பொம்மையார்பாளையத்தில் படகுகள் கரைக்கு வந்தாயிற்று. மீன் காத்திருந்தது. எந்த ஊருக்கு எத்தனை கட்டி என்று சொல்ல வேண்டியவன் நான்.

நிதானமாகச் செயல்பட்டேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். ஒயரைப் பிடுங்கி அதே ஓட்டையில் செருகினேன். வைரஸ் என்று முடிவுசெய்து, பக்கத்து மேசைக்காரரைச் சற்றுத் தள்ளி உட்காரச் சொன்னேன்.

டிரைவர் எட்டிப் பார்த்தார். “இன்னா சார், ஐஸா எடுத்துக்கினு போறதா, தண்ணியா எடுத்துக்கினு போறதா?”

“சர்வர் பிரச்சனைப்பா.”

“அது எங்க கீது?”

“தூரத்துல.”

விழுப்புரத்துக்கு போன் போட்டேன். “தம்பி, லொகேஷனக் காணோம்.”

“அதுவா சார். போன வாரம் அங்க வந்தப்ப பாத்தேன், டெய்லி பேரு மாத்திக்கினு பேஜாரு படறீங்க. அதான் நானே ‘ஊர்’, ‘எத்தனை கட்டி’ன்னு வெச்சி அனுப்பிட்டேன். நல்லா இருக்கா சார்?”

நல்லா இருக்குப்பா என்றேன். வேறு என்ன சொல்வது? என் ஃபங்ஷனோ, இப்போது இல்லாத பழைய பெயரைக் கேட்டு அடம்பிடித்துக்கொண்டிருந்தது. அவர் அனுப்பிய கோப்பைத் திறந்து பார்த்திருந்தாலே விஷயம் தெரிந்திருக்கும். ஒயர் வேலையில் அது தோன்றவில்லை.

பழைய பெயர் இல்லாவிட்டால் பரவாயில்லை, விட்டுவிடு என்று அந்த வரியின் கடைசியில் ஒரு சொல் சேர்த்தேன். அட்டவணை வந்தது. லாரி போனது.

மதியம் பொம்மையார்பாளையத்தில் மீன் வாங்கி விற்கும் அம்மா போன் செய்தார்.

“ஐஸ் வந்துச்சுங்க. வழியில வரசொல்ல கொஞ்சம் உருகி இளைச்சிப்போச்சு போல. மீனுக்குப் போதும்.”

வெயில் ஜாஸ்திம்மா என்றேன். அன்று காலையிலிருந்து மேகமூட்டம். அந்தம்மாவும் அதே வானத்துக்குக் கீழேதான் நின்றுகொண்டிருந்தார்.